பழைய காரைப் பழுதுபார்ப்பதா, விற்பதா? ஒரு வெள்ளைத் தாள் கணக்கு

எங்கள் கிளைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு தாள்களை மேசைமீது வைத்தார். ஒன்று, கார்ப் பட்டறை எழுதிக் கொடுத்த செலவு மதிப்பீடு: 46,000 ரூபாய். மற்றொன்று, புதிய கார் விற்பனை நிலையம் கொடுத்த விலைப்பட்டியல்: வரி, பதிவு, காப்பீடு அனைத்தும் சேர்த்து 7,50,000 ரூபாய். அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராகப் பணியாற்றும் அவரிடம் இருப்பது, 2014 இல் பதிவான சிறிய பெட்ரோல் கார். எட்டு மாதங்களுக்கு முன்புதான் அதற்கு 38,000 ரூபாய் செலவிட்டிருந்தார்.

"இன்னும் இந்தக் காரில் பணம் போடுவதா, ஐயா? இப்போதே விற்றுவிட்டால், போன முறை போட்ட 38,000 வீணாகிவிடுமே?" என்று கேட்டார்.

கார் கடன் வழங்குவது எங்கள் தொழில். அவர் கையில் விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்திருந்தால் அன்றே கையெழுத்திட்டிருப்பார். ஆயினும் தேவை தெளியாமல் வாங்கிய கடன், வாங்கியவருக்கும் சுமை. வழங்கிய வங்கிக்கும் நன்மையன்று. எனவே படிவத்துக்குப் பதிலாக ஒரு வெள்ளைத் தாளை எடுத்தோம். அவரும் நாங்களுமாகச் சேர்ந்து அன்று போட்ட கணக்கை, அவருடைய இசைவோடு, தொகைகளைச் சற்றே முழு எண்களாக்கி இங்கே தருகிறோம். இதே கேள்வியோடு இருக்கும் வாசகர்கள் தத்தம் எண்களை இட்டு நிரப்பிக் கொள்ளலாம்.

செலவிட்ட பணத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்

முதலில், அந்த 38,000 ரூபாயைத் தாளில் எழுதவே இல்லை. காரை வைத்துக்கொண்டாலும் அந்தப் பணம் திரும்பாது, விற்றாலும் திரும்பாது. இரண்டு வழிகளிலும் மாறாமல் நிற்கும் ஒரு தொகை, இரண்டில் எது சிறந்தது என்பதைச் சொல்ல இயலாது. "இவ்வளவு போட்டாயிற்று, இனி எப்படி விடுவது?" என்ற எண்ணத்தில் பலர் மேலும் மேலும் செலவிடுகின்றனர். "இவ்வளவு செலவு வைத்த காரை இனி வாசலில் நிறுத்தக்கூடாது" என்று சினந்து விற்போரும் உண்டு. இருவரும் செய்வது ஒரே பிழை. கடந்துபோன செலவு, அடுத்த முடிவை எடுக்க விடப்படுகிறது.

பழைய ரசீதால் ஒரே ஒரு பயன் உண்டு. எந்தெந்தப் பாகங்கள் அண்மையில் புதிதாக மாற்றப்பட்டன என்பதை அது காட்டும். நம் வாடிக்கையாளரின் ரசீதில் குளிர்சாதன கம்ப்ரசரும் பேட்டரியும் இருந்தன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவற்றுக்கு மீண்டும் செலவு வர வாய்ப்புக் குறைவு. அந்தச் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு ரசீதை மடித்து வைத்தோம்.

பழுதுச் செலவு காரின் மதிப்பில் பாதியைத் தாண்டினால் விற்றுவிட வேண்டும் என்று ஒரு விதி மக்களிடையே வழங்குகிறது. எளிய விதிதான், ஆனால் அது கேள்வியின் ஒரு பாதியை மட்டுமே பார்க்கிறது. பழைய காருக்கு ஆகும் செலவை அந்தக் காரின் விலையோடு ஒப்பிடுகிறதேயன்றி, அதற்குப் பதிலாக வரவிருக்கும் காருக்கு ஆகும் செலவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கார் இல்லாமலே இருந்துவிட முடியும் என்றால் அவ்விதி போதும். வேறொரு கார் வாங்கத்தான் வேண்டும் என்றால், நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இன்று முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, எந்த வழியில் நமக்கு எவ்வளவு செலவாகும்?

பட்டறையின் மதிப்பீட்டைப் படிக்கும் முறை

எல்லாப் பழுதுகளும் ஒரே தன்மையவை அல்ல. மதிப்பீட்டில் உள்ள வரிகளை மூன்றாகப் பிரித்தால் பாதித் தெளிவு பிறந்துவிடும்.

முதல் வகை, ஓடினால் தேயும் பாகங்கள்: டயர், பேட்டரி, பிரேக் பேடு, கிளட்ச் பிளேட், ஷாக் அப்சார்பர், புஷ் ஆகியன. இவை தேய்வது காரின் முதுமைக்கு அடையாளம் அன்று. நாளை வாங்கும் புதிய காரிலும் ஒரு நாள் இவை தேயும். இரண்டாம் வகை, தனித்து மாற்றக்கூடிய பெரிய பாகங்கள்: ரேடியேட்டர், ஆல்டர்னேட்டர், குளிர்சாதன கம்ப்ரசர் போன்றவை. ஒரு முறை மாற்றினால் பொதுவாகப் பல ஆண்டுகள் தாங்கும். மூன்றாம் வகை, காரின் உயிர்நிலை: என்ஜின் ஓவர்ஹால், கியர் பாக்ஸ், அடிச்சட்டத்தில் துரு, வெள்ளநீர் புகுந்த மின்கம்பிகள். இங்கே ஒரு செலவு அடுத்த செலவை அழைத்து வரும். மதிப்பீட்டில் எழுதிய தொகையோடு அது நிற்பது அரிது.

நம் வாடிக்கையாளரின் 46,000 ரூபாயில் கிளட்ச் தொகுதிக்கு 14,000, முன்பக்க ஷாக் அப்சார்பர்களுக்கும் அவற்றைச் சார்ந்த பாகங்களுக்கும் 12,000, நான்கு டயர்களுக்கு 16,000, கூலி 4,000. அனைத்தும் முதல் வகை. கார் சாகவில்லை, தேய்ந்திருக்கிறது, அவ்வளவே.

மதிப்பீடு பெறும்போது மூன்று கேள்விகளைக் கேட்பது நலம். எது உடனே செய்ய வேண்டியது, எது ஆறு மாதம் பொறுக்கும்? ஒவ்வொரு பாகத்துக்கும் கூலிக்கும் தனித்தனி விலை என்ன? அடுத்த இரண்டு ஆண்டுகளில் வேறு எந்தப் பெரிய பழுது வரக்கூடும்? மூன்றாவது கேள்விக்கு நேர்மையான மெக்கானிக் ஒருவர் சொல்லும் விடைதான் மற்ற எல்லாவற்றையும்விட விலைமதிப்புள்ளது. பெரிய தொகை என்றால் இரண்டாவது பட்டறையிலும் காட்டுவது தவறன்று. மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டுப் பெறுவதும் நல்ல வழக்கம்.

மூன்று வழிகள், மூன்று கூட்டல்கள்

இனித் தாளுக்கு வருவோம். பழுதுபார்க்காத நிலையில் அந்தக் காருக்குச் சந்தையில் கிடைக்கும் விலை 1,60,000 ரூபாய். மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டோம். காலம் இரண்டு ஆண்டு.

முதல் வழி: பழுதுபார்த்து வைத்துக்கொள்வது.
• இப்போதைய பழுதுச் செலவு: 46,000
• வழக்கமான பராமரிப்பு: 40,000
• எதிர்பாராத பழுதுக்கு ஒதுக்கீடு: 30,000
• காப்பீடு: 14,000
• மதிப்பிழப்பு, 1,60,000 இலிருந்து 1,10,000 ஆக: 50,000
• மொத்தம்: 1,80,000, மாதத்துக்கு 7,500

இரண்டாம் வழி: புதிய கார். பழைய காரை விற்ற 1,60,000, கையிருப்பு 40,000, வங்கிக் கடன் 5,50,000. வட்டி 9 சதவீதம், காலம் 5 ஆண்டு என்றால் மாதத் தவணை 11,417 ரூபாய்.
• மதிப்பிழப்பு, 7,50,000 இலிருந்து 5,50,000 ஆக: 2,00,000
• முதல் இரண்டு ஆண்டுகளின் வட்டி: 83,000
• இரண்டாம் ஆண்டுக் காப்பீடு: 14,000
• பராமரிப்பு: 12,000
• கூட்டுத்தொகை: 3,09,000
• எரிபொருள் சேமிப்பு, லிட்டருக்கு 13 கிலோமீட்டர் 18 ஆக உயர்வதால்: 41,000
• நிகரம்: 2,68,000, மாதத்துக்கு ஏறக்குறைய 11,200

மூன்றாம் வழி: நான்கு ஆண்டு ஓடிய கார், விலை 4,20,000. விற்ற தொகை 1,60,000, கையிருப்பு 40,000, கடன் 2,20,000. பழைய கார்க் கடனுக்கு வட்டி சற்றுக் கூடுதல். 11 சதவீதம், 4 ஆண்டு என்றால் மாதத் தவணை 5,686 ரூபாய்.
• மதிப்பிழப்பு: 1,00,000
• இரண்டு ஆண்டு வட்டி: 38,500
• காப்பீடு: 20,000
• பராமரிப்பும் பழுதும்: 30,000
• பெயர் மாற்றம், வாங்குமுன் சோதனை: 10,000
• கூட்டுத்தொகை: 1,98,500
• எரிபொருள் சேமிப்பு, லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்ற கணக்கில்: 28,000
• நிகரம்: 1,70,500, மாதத்துக்கு ஏறக்குறைய 7,100

கையிலிருந்து உடனே போடும் தொகை மூன்று வழிகளிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆதலால் அத்தொகை வைப்பில் ஈட்டியிருக்கக்கூடிய வட்டியைத் தனியே சேர்க்கவில்லை.

இந்தக் கணக்கில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, மதிப்பிழப்பு. பட்டறை ரசீது கண்ணில் படுகிறது. அதைக் கொடுக்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஆனால் புதிய காரின் மிகப் பெரிய செலவுக்கு ரசீதே கிடையாது. அது வாசலில் அமைதியாக நின்றுகொண்டே இரண்டு ஆண்டுகளில் 2 லட்ச ரூபாயை இழக்கிறது. காப்பீட்டு நிறுவனங்கள் இதை வெளிப்படையாகவே எழுதிவைத்துள்ளன: ஐடிவி எனப்படும் காப்பீட்டு மதிப்பைக் கணக்கிட, ஓராண்டு முடிந்தால் 20 சதவீதம், இரண்டாண்டு முடிந்தால் 30, மூன்றாண்டு முடிந்தால் 40, நான்காண்டு முடிந்தால் 50 சதவீதம் எனத் தேய்மானம் கழிக்கப்படுகிறது. இழப்பின் பெரும் பகுதியை முதல் உரிமையாளரே தாங்குகிறார். மூன்றாம் வழி மலிவாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது, மாதத் தவணை வேறு, செலவு வேறு. தவணையில் ஒரு பகுதி அசல். அது காரின் மதிப்பாக நம்மிடமே இருக்கிறது. எனவே தவணையைப் பழுதுச் செலவோடு நேரடியாக ஒப்பிடக்கூடாது. அதேவேளை, மாதந்தோறும் 11,417 ரூபாயை எடுத்துவைக்கச் சம்பளம் இடம் தருகிறதா என்பது தனியே கேட்க வேண்டிய கேள்வி. முதற்கேள்விக்கு ஆம் என்றும் இரண்டாம் கேள்விக்கு இல்லை என்றும் விடை வந்தால், இரண்டாம் விடைக்கே செவிசாய்க்க வேண்டும்.

விடையை மாற்றக்கூடியவை

மேற்கண்ட எண்கள் ஒருவருக்கு உரியவை. கீழ்க்காணும் நிலைமைகளில் விடை மாறும்.

ஓட்டத்தின் அளவு. மாதம் 800 கிலோமீட்டருக்குப் பதில் 2,000 கிலோமீட்டர் ஓடுமானால், புதிய காரின் எரிபொருள் சேமிப்பு இரண்டு ஆண்டில் 1,02,500 ரூபாயாக உயரும். முதல் வழிக்கும் இரண்டாம் வழிக்கும் இருந்த 88,000 ரூபாய் இடைவெளி 26,500 ஆகச் சுருங்கிவிடும். கூடுதல் தேய்மானத்தையும் சேர்த்தால் அதுவும் எஞ்சுமா என்பது ஐயமே. மாறாக, மாதம் 300 கிலோமீட்டருக்கும் குறைவாக ஓட்டுவோர் நான்காவது வழி ஒன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: காரை விற்றுவிட்டு, வேண்டும்போது வாடகைக் கார் வைத்துக்கொள்வது. எரிபொருள் நீங்கலாகவே மாதம் 7,500 ரூபாய் ஆகிறது என்றால், அத்தொகைக்கு எத்தனை வாடகைப் பயணங்கள் கிடைக்கும் என்று பணி ஓய்வு பெற்ற வாடிக்கையாளர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

பதிவின் ஆயுள். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனைக்கு உட்படுத்தி, ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். தில்லி நீங்கலாக, புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2025 இல் மேலும் உயர்ந்தது. பல மாநிலங்களில் பசுமை வரியும் உண்டு. பதிவு முடியும் நாள் நெருங்க நெருங்க விற்பனை விலை விரைந்து சரியும். எனவே, விற்பது என்று முடிவானால், பதினைந்தாம் ஆண்டுக்கு ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே விற்பது நலம்.

ஊர். தில்லி தேசியத் தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வாகனங்களும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களும் ஓடக்கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தது. 2025 இல் அது குறித்த உத்தரவுகள் மாற்றம் கண்டன. அப்பகுதியில் வாழ்வோரும், பணிமாற்றம் பெற்று அங்கே செல்ல இருப்போரும், பழைய காருக்குப் பெருஞ்செலவு செய்யுமுன் அன்றைய விதியைக் கேட்டறிவது இன்றியமையாதது.

வரி மாற்றம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதமாகக் குறைந்தது. புதிய காரின் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் அதைத் தொடர்ந்து இறங்கும். அதற்கு முன் யாரோ சொன்ன விலையை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

காப்பீடு. பத்து ஆண்டைக் கடந்த கார் விபத்தில் சிக்கினால், வழக்கமான பாலிசியில் உலோகப் பாகங்களின் விலையில் 50 சதவீதம் தேய்மானமாகக் கழிக்கப்படும். ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி ஆகியவற்றுக்கு வயது எதுவானாலும் 50 சதவீதம் கழிவு. சீரமைக்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கொள்ளப்படும். பழைய காருக்குக் காப்பீடு இருந்தாலும் கையிலிருந்து கணிசமான தொகை போகும் என்பதை நினைவிற் கொண்டே ஒதுக்கீட்டை முடிவு செய்ய வேண்டும்.

கணக்கில் வராத ஒரு வரி

கூட்டி முடித்ததும் முதல் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் இடையே இரண்டு ஆண்டில் பத்தாயிரம் ரூபாய் அளவே வேறுபாடு இருந்தது. ஊகங்களின் மேல் எழுந்த கணக்கில் இது வேறுபாடே அன்று. "அப்படியானால் எதைச் செய்தாலும் ஒன்றுதானா?" என்று கேட்டார் வாடிக்கையாளர்.

அந்தக் காரை யார் யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டோம். அவர் பள்ளிக்குச் செல்வது தவிர, கல்லூரியில் படிக்கும் மகள் மாதம் இரு முறை நெடுஞ்சாலையில் 150 கிலோமீட்டர் ஓட்டிச் செல்வதாகச் சொன்னார். காரில் காற்றுப்பை உண்டா என்றோம். இல்லை. வேகத்தில் பிரேக் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பும் இல்லை.

அது தயாரிப்பாளரின் குற்றம் அன்று, காலத்தின் நிலை. விற்பனைக்கு வரும் எல்லாக் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுநர் இருக்கைக்குக் காற்றுப்பை, இருக்கைப் பட்டை அணியாவிட்டால் எச்சரிக்கும் ஒலி ஆகியன 2019 ஜூலையில் கட்டாயமாயின. முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப்பை அதற்கும் பிறகு. 2014 ஆம் ஆண்டுக் காரில், குறிப்பாக விலை குறைந்த வகைகளில், இவை இல்லாதிருப்பது இயல்பு. பட்டறையில் 46,000 ரூபாய் கொடுத்தாலும் இவற்றைப் பொருத்தித் தர இயலாது.

கணக்கின் பணி முடிவெடுப்பது அன்று. நாம் விரும்புவதற்கு என்ன விலை என்று சொல்வது. புதிய காரில் கிடைக்கும் பாதுகாப்புக்கு இரண்டு ஆண்டில் 88,000 ரூபாய் விலை. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று அவர் தயங்கலாம். அது அவருடைய உரிமை. ஆனால் அதே பாதுகாப்பு மூன்றாம் வழியில் ஏறத்தாழக் கூடுதல் செலவின்றிக் கிடைக்கிறது என்று தெரிந்தபின் அவர் தயங்கவில்லை. இரண்டு காற்றுப்பைகளும் ஏபிஎஸ்ஸும் உள்ள, நான்கு ஆண்டு ஓடிய காரைத் தேடத் தொடங்கினார். எங்களிடம் 5,50,000 ரூபாய்க் கடன் கேட்டு வந்தவர் 2,20,000 ரூபாய்க் கடனோடு திரும்பினார்.

மூன்றாம் வழிக்கும் ஓர் இடர் உண்டு: பிறர் ஓட்டிய காரின் கதை நமக்குத் தெரியாது. ஆகவே பராமரிப்புப் பதிவேடு, காப்பீட்டு இழப்பீடு பெற்ற விவரம், நிலுவையிலுள்ள அபராதங்கள், வேறு வங்கியின் கடன் பாக்கி ஆகியவற்றைச் சரிபார்த்து, விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் காரைக் காட்டிய பின்பே முன்பணம் கொடுக்க வேண்டும்.

விற்பது என்று முடிவானால்

விற்குமுன் முழுப் பழுதும் பார்க்க வேண்டுமா? பெரும்பாலும் வேண்டியதில்லை. 46,000 ரூபாய் செலவிட்டால் விலை அதில் பாதியளவு உயர்வதே அரிது. குறையை மறைக்காமல் சொல்லி, மதிப்பீட்டுத் தாளையும் காட்டி, உள்ளபடியே விற்பது இருவருக்கும் நன்று.

அதைவிட முதன்மையானது பெயர் மாற்றம். காரும் சாவியும் கைமாறிவிட்டால் விற்பனை முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு பார்ப்பதில்லை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். விற்ற பின் பெயர் மாறுமுன் அந்தக் கார் விபத்தை விளைவித்தால், இழப்பீட்டுப் பொறுப்பு பதிவு பெற்ற உரிமையாளரையே சாரும் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. 1,60,000 ரூபாய்க்கு விற்ற காருக்காகப் பல லட்ச ரூபாய் இழப்பீட்டு வழக்கில் நிற்க நேரிடலாம். தரகர் நீட்டும் நிரப்பப்படாத படிவத்தில் கையெழுத்திடுவதன் ஆபத்து இதுவே.

விற்போர் கைக்கொள்ள வேண்டியவை:

• படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றை, வாங்குவோரின் பெயரும் நாளும் நிரப்பிய பின்பே கையெழுத்திடுங்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்பனை எனில் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.
• பெயர் மாறிய பதிவுச் சான்றின் நகலைக் கேட்டுப் பெறும்வரை விற்பனை முடியவில்லை என்றே கொள்ளுங்கள்.
• பழைய கார் வணிகரிடம் கொடுத்தால், அவர் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற்றவரா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிப்படி, அங்கீகாரம் பெற்றவரிடம் ஒப்படைத்ததை முறையாகத் தெரிவித்தால், அதன்பின் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார்.
• கடன் அடைந்து பல ஆண்டுகள் ஆகியும், பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் நீக்கப்படாமல் இருப்பதைக் கிளையில் அடிக்கடி காண்கிறோம். வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35 உம் பெற்று முன்னதாகவே நீக்கிவிடுங்கள்.
• பணத்தை வங்கி வழியாகவே பெறுங்கள். தொகை உங்கள் கணக்கில் வரவானதைப் பார்த்த பின்பே சாவியைக் கொடுங்கள். அலைபேசியில் காட்டப்படும் படத்தை நம்ப வேண்டாம். ஒப்படைத்த நாளையும் நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.
• ஃபாஸ்டேக்கை அதை வழங்கிய வங்கியிடம் சொல்லி மூடுங்கள். இல்லையேல் வேறொருவர் செல்லும் சுங்கச்சாவடிக் கட்டணம் உங்கள் கணக்கிலிருந்து போகும்.
• இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் காருக்கு உரியதன்று, உங்களுக்கு உரியது. சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறைக்கும் இச்சலுகையைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சான்றாகப் பெற்று, அடுத்த காருக்குப் பயன்படுத்துங்கள்.

சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருந்த காரை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. தொழிற்கணக்கில் தேய்மானம் காட்டிய கார் எனில் கணக்காயரைக் கேட்டுச் செய்க.

விற்கவும் இயலாத நிலையிலுள்ள காரை, பதிவு பெற்ற வாகனச் சிதைப்பு மையத்தில் ஒப்படைக்கலாம். 2021 இல் தொடங்கப்பட்ட கொள்கையின்படி அங்கே தரப்படும் ஒப்படைப்புச் சான்றைக் காட்டினால், புதிய தனியார் வாகனத்துக்கான சாலை வரியில், மாநில விதிக்கேற்ப, 25 சதவீதம் வரை சலுகை கிடைக்கும். ஆக்கர்க்கடையில் எடைக்குப் போட்டால் இச்சலுகையும் இல்லை. காரின் பதிவும் உங்கள் பெயரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

வைத்துக்கொள்வது என்று முடிவானால்

அதுவும் நல்ல முடிவே. முதல் வகைப் பழுது, குறைந்த ஓட்டம், உள்ளூர்ப் பயணம், பதிவுக்கு இன்னும் ஆண்டுகள் உண்டு என்றால் பழைய காரைக் காப்பதே சிக்கனம். ஆனால் பழைய கார் வைத்திருப்போர் புதிய கார் வாங்கியோரைப் போலவே ஒரு தவணை கட்ட வேண்டும். வங்கிக்கு அன்று, தமக்கே.

மாதம் 3,000 ரூபாய் தொடர் வைப்பில் போட்டு வாருங்கள். இரண்டு ஆண்டில் வட்டி நீங்கலாகவே 72,000 ரூபாய் சேரும். பழுது வந்தால் அதிலிருந்து செலவிடலாம். கடனட்டையில் தவணை போட வேண்டியதில்லை. பழுது வராவிட்டால் அது அடுத்த காரின் முன்பணம். அந்த அளவுக்குக் கடன் குறையும்.

கூடவே, இரண்டு எல்லைகளை இன்றே எழுதி, காரின் ஆவணங்களோடு வையுங்கள். ஒன்று, நாள்: எந்த ஆண்டு, எந்த மாதம் இக்கணக்கை மீண்டும் போடுவோம். மற்றொன்று, தொகை: அதற்குள் ஒரே பழுது எவ்வளவைத் தாண்டினால் பட்டறைக்கு இசைவு தராமல் முதலில் கணக்குப் போடுவோம். நடுவழியில் நின்றுபோன காரின் அருகே, இழுவை வண்டிக்குக் காத்திருக்கும் வேளையில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் நம் முடிவாக இராது. பட்டறையின் முடிவாகவோ விற்பனை நிலையத்தின் முடிவாகவோ அமையும். கார் நன்றாக ஓடும் நாளில் எழுதிவைத்த எல்லையே நம் முடிவு.

அந்தத் தலைமையாசிரியர் ஆறு வாரம் கழித்து மீண்டும் வந்தார். கையில் பெயர் மாறிய பதிவுச் சான்றுகளின் நகல்கள் இரண்டு இருந்தன: வாங்கிய காருக்கு ஒன்று, விற்ற காருக்கு ஒன்று. இரண்டாவதைக் கேட்டுப் பெறத்தான் நான்கு முறை நடக்க வேண்டியிருந்தது என்றார். அந்த நான்கு நடையும் வீணன்று என்று சொன்னோம். பிறகு, புதிய காருக்கென மாதம் 2,000 ரூபாயில் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கிவிட்டுச் சென்றார்.